மூணு வருஷப் படிப்பு: வங்கியும் காப்பீடும் நம்ம பொண்ணுங்களுக்கு என்ன தரும்?

(திருப்பூர் ராயபுரத்தில் நடைபெற்ற நமது கூட்டமைப்பின் கூட்டத்தில், வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பேசியது. அவர் பேசிய நடையை அதிகம் மாற்றாமல் வெளியிடுகிறோம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை. – ஆசிரியர் குழு)



என்னை இங்கே பல பேருக்கு "பிசிரு வெட்டற அக்காவோட பொண்ணு"ன்னுதான் தெரியும். அதை நான் குறையா நினைக்கலை. இந்த ராயபுரத்துச் சந்துல, மெஷின் சத்தத்துல படிச்சு வளர்ந்தவதான் நான். பேங்க்ல கவுன்டருக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு ஒரு அத்தை, "ஏன் கண்ணு, இதுக்குன்னு தனியா படிப்பு இருக்குதா? பணம் எண்ணத்தான் எல்லாருக்கும் தெரியுமே"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க.

முதல்ல என் வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம நான் ஏன் இந்தப் படிப்பை எடுத்தேன்னு புரியாது.

எங்க அப்பா சாயப்பட்டறையில வேலை பார்த்தாரு. 2009-ஆம் வருஷம், தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாருன்னு ஒரு லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீட்டுப் பாலிசி போட்டாரு. ஆறு மாசத்துக்கு ஒரு தவணை. நாலு தவணை ஒழுங்காக் கட்டினாரு. 2011 ஜனவரி கடைசியில, உயர் நீதிமன்ற உத்தரவுல திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நொய்யல் கெட்டுப்போனது நிசம்தானே, தீர்ப்பைக் குத்தம் சொல்ல வரலை. ஆனா எங்க வீட்டுல அந்த மாசத்தோட சனிக்கிழமைச் சம்பளம் நின்னுபோச்சு. அஞ்சாவது தவணை கட்டலை. ஆறாவதும் கட்டலை. 2012-ல நான் பத்தாவது பரீட்சை எழுதி முடிச்ச சமயம் அப்பா மாரடைப்புல இறந்துட்டாரு.

அம்மா அந்தப் பாலிசிப் பத்திரத்தை மஞ்சள் பையில போட்டு எடுத்துக்கிட்டு அலைஞ்சாங்க. நானும் கூடவே போனேன். "பாலிசி காலாவதி ஆயிடுச்சும்மா, மூணு வருஷம் முழுசாக் கட்டியிருந்தாலாவது கொஞ்சம் கிடைச்சிருக்கும், ரெண்டு வருஷம்தான் கட்டியிருக்கீங்க, ஒண்ணும் வராது"ன்னுட்டாங்க. பாலிசி போட வெச்சவர் அதுக்கப்புறம் எங்க சந்துப் பக்கமே வரலை. அம்மா அழுதது பணத்துக்காக மட்டுமில்லை. "உங்க அப்பன் கட்டின காசு எங்கே போச்சுன்னுகூட எனக்குத் தெரியலையே கண்ணு"ன்னாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, கல்லூரியில முதல் வருஷம், காப்பீட்டுப் பாட வகுப்புல எங்க மேடம் 'காலாவதியும் புதுப்பித்தலும்'னு போர்டுல எழுதினாங்க. தவணைத் தேதி தாண்டினாலும் சலுகை நாள் உண்டு, வருஷத் தவணை, அரையாண்டு, காலாண்டுன்னா 30 நாள், மாசத் தவணைன்னா 15 நாள். அதுவும் தாண்டிப்போனா, ஒரு காலக்கெடுவுக்குள்ள பாக்கித் தவணையையும் வட்டியையும் கட்டி, உடம்பு நல்லா இருக்குதுன்னு எழுதிக் கொடுத்தா, செத்துப்போன பாலிசி மறுபடியும் உயிர் பெறும்னு சொன்னாங்க. நான் பேனாவைக் கீழே வெச்சுட்டேன். அப்பா உயிரோட இருந்த அந்த ஒரு வருஷத்துல யாராவது ஒரு ஆள் இதை எங்ககிட்ட சொல்லியிருந்தா, அம்மா தோட்டை அடகு வெச்சாவது கட்டியிருப்பாங்க. ரெண்டே தவணைதான்ங்க பாக்கி. புஸ்தகத்துல அது அரைப் பக்கம். எங்களுக்கு அது ஒரு லட்ச ரூபாய்.

குழு கொடுத்த கடன்

பிளஸ் டூ முடிச்சது 2014-ல. அப்போ எங்க வீட்டுக்கு ரெண்டு யோசனை வந்துச்சு. ஒண்ணு, பக்கத்து பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. இன்னொண்ணு, ஒரு புரோக்கர் சொன்ன ஸ்பின்னிங் மில். மூணு வருஷம் மில் ஹாஸ்டல்லயே தங்கி வேலை செஞ்சா கடைசியில மொத்தமாப் பணம், கல்யாணத்துக்கு ஆகும்னு. சுமங்கலித் திட்டம்னு அதுக்கு ஒரு அழகான பேரு. இங்கே இருக்கிற பெரியம்மாக்கள் சில பேருக்கு அதுல பொண்ணை அனுப்பின அனுபவம் இருக்கும். பாதியில திரும்பி வந்த புள்ளைங்க எத்தனை பேரு, உடம்பு கெட்டு வந்தவங்க எத்தனை பேருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்க அம்மா குழுக் கூட்டத்துல எந்திரிச்சு, "அதே மூணு வருஷம்தானே, என் புள்ள காலேஜுல இருக்கட்டும்"னு உள்கடன் கேட்டாங்க. 15,000 ரூபாய். குழுவுல ஒத்துக்கலை முதல்ல. "பொட்டப் புள்ளைக்குப் படிப்புக் கடன் கொடுத்தா எப்படித் திரும்பும், ஆடு மாடு வாங்கினாலாவது கண்ணுக்குத் தெரியும்"னு ஒருத்தங்க கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான். கடன் கொடுக்கறவங்க கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். கடைசியில தீர்மானப் புத்தகத்துல எழுதி, பத்து மாசத் தவணையில கொடுத்தாங்க. அம்மா ஒரு தவணைகூடத் தள்ளிப் போடலை. அந்தக் கேள்வி கேட்ட அக்கா இப்போ முன் வரிசையில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க.

நான் சேர்ந்தது பி.காம். பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரி. தினமும் ரயில்ல சீசன் டிக்கெட்டு.

அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

முதல் நாள் மேடம் பேங்க்னா என்னன்னு சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பல பேர்கிட்ட சேமிப்பு வாங்கறது, அதுல ஒருத்தருக்குக் கடன் கொடுக்கறது, வாங்கினவர் கட்டுவாராங்கறதைப் பார்க்கறது, வட்டி போடறது, பேரேடு எழுதறது, தவணை தப்பினா வீட்டுக்குப் போய்க் கேட்கறது. இதைத்தானே எங்க அம்மா குழு வாராவாரம் செய்யுது! நீங்க தரையில பாய் போட்டு உட்கார்ந்து செய்யற வேலைக்குத்தான் அங்கே மூணு வருஷப் பாடத்திட்டம் இருக்குது. 1989-ல தர்மபுரியில நம்ம மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களை ஆரம்பிச்சதும், 1992-ல நபார்டு வங்கி குழுக்களைப் பேங்க்கோட இணைச்சுப் பார்த்ததும்கூட எங்களுக்குப் பாடமா வந்துச்சு. ஏட்டுல படிச்சதை நான் வீட்டுலயே பார்த்திருந்தேன்.

கணக்குப்பதிவியல், வங்கிச் சட்டம், செக் பத்தின சட்டம், வருமான வரி, ஆயுள் காப்பீடு, பொதுக் காப்பீடு, கம்ப்யூட்டர்ல கணக்கு. இப்படி ஆறு பருவத்துக்கும் பாடங்கள் இருக்கும். கணக்குப்பதிவியல் பிளஸ் டூவுல படிச்ச புள்ளைங்களுக்கு முதல் வருஷம் சுலபம். மத்த குரூப் எடுத்தவங்க ஒரு பருவம் தடுமாறுவாங்க, அப்புறம் பிடிச்சுக்குவாங்க.

இன்சூரன்ஸ் பாடம்தான் எனக்குப் பிடிச்சது. நம்ம ஊரு மொய் மாதிரின்னு வெச்சுக்கங்க. நூறு பேரு ஆளுக்குக் கொஞ்சம் போடறாங்க, கஷ்டம் வந்த ஒரு வீட்டுக்கு அது போகுது. ஆனா மொய்யைத் திருப்பிச் செய்யணும். இங்கே திருப்ப வேண்டாம், அதுக்குப் பதிலா வருஷா வருஷம் தவணை கட்டிக்கிட்டே இருக்கணும். அதுக்கு ஒரு அடிப்படை விதி, உள்ளதை உள்ளபடி சொல்லணும். சர்க்கரை வியாதி இருந்தா இருக்குதுன்னு விண்ணப்பத்துல எழுதணும். ஏஜென்ட்டு "அதெல்லாம் எழுத வேண்டாம்க்கா"ன்னு சொன்னா கேட்காதீங்க. மறைச்சதுன்னு கண்டுபிடிச்சா பணம் வராது. அதே சமயம் சட்டம் நமக்கும் ஒரு காப்பு வெச்சிருக்கு. ஆயுள் பாலிசி போட்டு மூணு வருஷம் தாண்டிட்டா, எந்தக் காரணம் சொல்லியும் அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. காப்பீட்டுச் சட்டத்தோட 45-ஆவது பிரிவு அது. பாலிசி வெச்சிருக்கிறவங்க இந்த எண்ணை மனசுல வெச்சுக்கங்க.

கொஞ்சம் சரித்திரமும் படிச்சோம். 1956 செப்டம்பர் 1-ல 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒண்ணாச் சேர்த்து எல்.ஐ.சி. ஆரம்பிச்சது, 1969 ஜூலை 19-ல 14 பெரிய பேங்க்குகளை அரசு எடுத்துக்கிட்டது, 2000-க்கு அப்புறம் தனியார் காப்பீட்டுக் கம்பெனிங்க மறுபடி உள்ளே வந்தது. 1969-க்கு முன்னாடி பேங்க் வாசப்படி ஏறுற தைரியம் நம்மள மாதிரி வீட்டுக்காரங்களுக்கு இல்லைன்னு எங்க அப்பிச்சி சொல்லுவாரு. கரூர் வைசியா பேங்க் 1916-ல நம்ம பக்கத்து ஊர்லயே ஆரம்பிச்சதுதான். அப்படியிருந்தும் அவருக்கு முதல் பாஸ்புக்கு கிடைச்சது எழுபதுகள்லதான்.

பட்டம் வாங்கினா வேலையா?

இங்கேதான் நான் ஒளிக்காம ஒரு விஷயம் சொல்லணும். பேங்கிங் படிச்சா பேங்க் வேலைன்னு நோட்டீஸ் அடிச்சா அப்படியே நம்பிடாதீங்க. அரசு பேங்க்குல கிளார்க்கு ஆகறதுக்கு இந்தப் பட்டம்தான் வேணும்னு எங்கேயும் சொல்லலை. ஏதாவது ஒரு பட்டம் போதும். தமிழ் இலக்கியம் படிச்ச புள்ளையும் எழுதலாம், கணிதம் படிச்ச புள்ளையும் எழுதலாம். ஐ.பி.பி.எஸ்.னு ஒரு அமைப்பு நாடு முழுக்கத் தேர்வு நடத்துது. ஸ்டேட் பேங்க் மட்டும் தனியாத் தேர்வு வெச்சுக்குது. கிராம வங்கிக்குத் தனி அறிவிப்பு வரும். பல்லவன், பாண்டியன் ரெண்டையும் சேர்த்து 2019-ல உருவாக்கின தமிழ்நாடு கிராம வங்கி இருக்குதே, சேலத்துல தலைமை அலுவலகம், அதுக்கு ஆள் எடுக்கறதும் இந்த ஐ.பி.பி.எஸ். வழியாத்தான்.

கிளார்க்கு வேலைக்கு வயசு 20-லிருந்து 28 வரை. அதிகாரி வேலைக்கு 30 வரை. பிற்படுத்தப்பட்டவங்களுக்கு மூணு வருஷம், தாழ்த்தப்பட்டவங்க, பழங்குடியினருக்கு அஞ்சு வருஷம் சலுகை உண்டு. இன்னொரு சலுகை இருக்குங்க, இதை யாரும் எடுத்துச் சொல்றதில்லை. கணவனை இழந்தவங்க, விவாகரத்தானவங்க, சட்டப்படி பிரிஞ்சு வாழறவங்க, மறுமணம் செய்யாதவங்களா இருந்தா, கிளார்க்கு தேர்வை பொதுப் பிரிவுல 35 வயசு வரை, பிற்பட்டோர் 38 வரை, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 40 வரை எழுதலாம். நம்ம குழுக்கள்ல பட்டம் முடிச்சுட்டு, வீட்டுக்காரர் தவறினதுக்கு அப்புறம் பவர்டேபிள்ல உட்கார்ந்திருக்கிற தங்கச்சிங்களை எனக்கே ரெண்டு மூணு பேரைத் தெரியும். அவங்ககிட்ட இதைப் போய்ச் சொல்லுங்க.

நான் ரெண்டு தடவை தோத்துட்டு மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினேன். அப்போ கேள்வித்தாள் இங்கிலீஷ், இந்தி ரெண்டுல மட்டும்தான் இருந்துச்சு. 2021-ல எடுத்த முடிவுக்கு அப்புறம் கிளார்க்கு தேர்வைத் தமிழ்லயும் எழுதலாம். இங்கிலீஷ் பாடத்துக்கான கேள்விகள் மட்டும் இங்கிலீஷ்லயே இருக்கும். அதோட கிளார்க்கு வேலைக்கு அந்தந்த மாநில மொழி தெரிஞ்சிருக்கணும், அதையும் சோதிக்கிறாங்க. தமிழ் வழியில படிச்சது குறைன்னு இனிமே நினைக்க வேண்டாம். தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போயிடும், அதனால குருட்டாம்போக்குல அடிக்கக் கூடாது. கணக்கு வேகமாப் போடற பழக்கம்தான் முக்கியம். பீஸ்ரேட்டுக் கணக்கை வாயிலயே போடற நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு அது வராதா என்ன?

சான்றிதழ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. இது மத்திய அரசு முறைப்படி நடக்கிற தேர்வு. இட ஒதுக்கீடு கேட்கிற பி.சி., எம்.பி.சி. புள்ளைங்க வெறும் சாதிச் சான்றிதழ் மட்டும் வெச்சிருந்தாப் பத்தாது. மத்திய அரசு வேலைக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தாலுகா ஆபீஸ் மூலமா வாங்கி வெச்சுக்கணும். எங்கூட எழுதின ஒரு பொண்ணு மதிப்பெண் வாங்கியும் அந்தக் காகிதம் நேரத்துக்கு வராம வேலையை விட்டுட்டா. இன்னொண்ணு, "இத்தனை லட்சம் கொடு, பேங்க்ல வேலை வாங்கித் தரேன்"னு யாராவது வந்தா அந்த ஆளை வாசல்லயே நிறுத்துங்க. மார்க்கு தவிர வேற வழியில்லை.

சம்பளம் கேட்பீங்க, சொல்லிடறேன். 2024-ல போட்ட ஒப்பந்தப்படி கிளார்க்கோட அடிப்படைச் சம்பளம் 24,050 ரூபாயில ஆரம்பிக்குது, அதிகாரிக்கு 48,480. அதுக்கு மேல பஞ்சப்படி, வாடகைப்படி எல்லாம் சேரும். ஆனா ஊரை விட்டுப் போகவும் தயாரா இருக்கணும். எனக்கு முதல் போஸ்டிங் வேற மாவட்டத்துல. அம்மா தனியா இங்கே, நான் தனியா அங்கே. அதிகாரின்னா இந்தியாவுல எங்கே வேணும்னாலும் போடலாம். கல்யாணம் பேசறப்போ இது ஒரு பேச்சா வரும். அதையும் யோசிச்சுக்கங்க.

அப்போ எல்லாப் பட்டமும் ஒண்ணுதான்னா, எதுக்குப் பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ்னு தனியாப் படிக்கணும்? கேட்க வேண்டிய கேள்விதான். அரசு பேங்க் வேலை கிடைக்காதவங்கதான் பெரும்பான்மை. அப்படிக் கிடைக்காதப்போ கையில ஒரு தொழில் இருக்கணும்ல. நான் தேர்வுல தோத்த அந்த ரெண்டு வருஷமும் சும்மா இருக்கலை. திருப்பூர்லயே ஒரு ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் டெஸ்க்குல வேலை பார்த்தேன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்துக்கிட்டு ஜனங்க வருவாங்க. எந்த வியாதிக்கு அனுமதி உண்டு, எந்தக் காகிதம் வேணும், அனுமதி மறுத்தா எப்படி மறுபடி கேட்கறது, இதெல்லாம் எனக்குப் படிச்ச படிப்பால வந்துச்சு. 2009-ல கலைஞர் பேர்ல ஆரம்பிச்சு, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்னு நடக்கிற திட்டம் அது. அதுல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல இந்த வேலைக்கு ஆள் வேணும். சம்பளம் பெரிசு இல்லை. ஆனா ஊர்லயே இருக்கலாம், ராத்திரி ஷிப்ட்டு போட்டாலும் வீட்டுல ஒத்துக்குவாங்க.

நம்ம திருப்பூருக்குன்னே ஒரு வேலை இருக்குது. ஒரு கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் வருது. நூல் வாங்க, கூலி கொடுக்கப் பணம் வேணும். துணி கப்பல் ஏறி அந்தப் பணம் வர்றதுக்கு மாசக் கணக்காகும். அதுவரைக்கும் பேங்க் கொடுக்கிற கடனுக்குப் பேரு பேக்கிங் கிரெடிட். சனிக்கிழமை நீங்க வாங்கற சம்பளம் பல கம்பெனிகள்ல அந்தக் கடன்ல இருந்துதான் வருது. பணம் கட்டாயம் வரும்னு வாங்கறவரோட பேங்க் கொடுக்கிற உறுதிக்குப் பேரு எல்.சி. அந்த ஊர்க்காரர் சரக்கை வாங்கிட்டு ஏமாத்திட்டா நட்டத்தைத் தாங்கறதுக்கு இ.சி.ஜி.சி.ன்னு மத்திய அரசு நிறுவனம் 1957-லிருந்து இருக்குது, திருப்பூர்லயே அதுக்குக் கிளை உண்டு. கப்பல்ல போற சரக்குக்கு மரைன் இன்சூரன்ஸ். குடோனுக்குத் தீ விபத்துக் காப்பீடு. வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யற ஊருங்க இது. இத்தனை காகிதத்தையும் யாராவது பார்க்கணும்ல? எக்ஸ்போர்ட் கம்பெனிகள்ல டாக்குமென்டேஷன், அக்கவுண்ட்ஸ் பிரிவுல அதைப் பார்க்கத் தெரிஞ்ச பொண்ணுக்கு மதிப்பு வேற. அதே கம்பெனியில அம்மா செக்கிங் டேபிள்லயும், பொண்ணு மேல் மாடி ஆபீஸ்லயும் இருக்கிறதை நானே பார்த்திருக்கேன். 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ ஆர்டர் நின்னு கம்பெனிங்க தவிச்சது தெரியும். அந்த நேரத்துல பேங்க்ல போய்த் தவணைக்கு அவகாசம் கேட்க எழுதத் தெரிஞ்ச ஆளைத்தான் முதலாளிங்க தேடினாங்க.

இதுக்கு மேல போறவங்களும் உண்டு. தீப்பிடிச்ச குடோனை வந்து பார்த்து நட்டத்தை மதிப்பிடற சர்வேயருக்குத் தேர்வும் உரிமமும் தனி. கணக்குல புலியா இருக்கிற புள்ளை ஆக்சுவரிக்குப் படிக்கலாம், அது ரொம்ப வருஷம் பிடிக்கும், பாஸாகறதும் கஷ்டம், ஆனா சம்பளம் எங்க மேனேஜரே பொறாமைப்படற அளவு. எம்.பி.ஏ. படிக்கணும்னா காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துல பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸுக்குன்னே பாடம் இருக்குது.

தனியார் பேங்க், பைனான்ஸ் கம்பெனி வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனா டார்கெட்டுன்னு ஒண்ணு கழுத்துல கத்தி மாதிரி நிக்கும். மாசக் கடைசியில வாடகை வண்டி எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போய், வேணாத பாலிசியைத் தெரிஞ்சவங்க தலையில கட்டற நிலைமை என் கூடப் படிச்சவங்களுக்கு வந்திருக்கு. ஒருத்தி எங்க சித்திக்கே வந்து ஒண்ணை வித்துட்டுப் போனா. அது பிழைப்புன்னா பிழைப்புதான். எனக்கு அதுல மனசு ஒப்பலை.

எங்கே சேர்க்கறது, எவ்வளவு ஆகும்?

பேங்கிங் அண்ட் இன்சூரன்ஸ்ங்கற தனிப் பிரிவு பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்ல இருக்குது, கட்டணம் கூடுதல். பணம் புரட்ட முடியலைன்னா கலங்காதீங்க. திருப்பூர்ல எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியும், சிக்கண்ணா அரசு கல்லூரியும் இருக்குது. அங்கே பி.காம். சேர்ந்தாலே போதும், முக்கால்வாசிப் பாடம் அதுலயே வந்துடும். நான் திரும்பவும் சேர்றதா இருந்தா அரசு கல்லூரியைத்தான் முதல்ல பார்ப்பேன். பிளஸ் டூ முடிவு வர்ற சமயத்துலயே ஆன்லைன் விண்ணப்பம் திறந்துடும், ரெண்டு வாரம் அசந்தா இடம் போயிடும்.

ஆறாவதுலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் அவ கணக்குக்கே வருது. 2022 செப்டம்பர் 5-ல ஆரம்பிச்சது, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் வழியில படிச்ச புள்ளைங்களுக்கும் நீட்டிச்சாங்க. எனக்கு அது கிடைக்கலை, உங்க புள்ளைங்க விட்டுடாதீங்க. நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கறதில்லை. போட்டித் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல பயிற்சி வகுப்பு இலவசமா நடக்குது, போய்ப் பேரு கொடுக்கலாம்.

கல்லூரிக்குப் போகாதவங்க, "எங்களுக்கு ஒண்ணும் இல்லையா அம்மிணி"ன்னு கேட்கறீங்க. இருக்குதுங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா, தேர்வு எழுதி இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகலாம். எல்.ஐ.சி. 2024 டிசம்பர் 9-ல பீமா சகின்னு பெண்களுக்கு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. 18-லிருந்து 70 வயசு வரை. முதல் வருஷம் மாசம் 7,000, ரெண்டாவது வருஷம் 6,000, மூணாவது வருஷம் 5,000 ரூபாய் உதவித்தொகை. கேட்க நல்லா இருக்குதுல்ல? ஆனா முதல்லயே தெரிஞ்சுக்கங்க, இது சம்பள வேலை இல்லை. வருஷத்துக்கு 24 பேருக்காவது பாலிசி பிடிக்கணும், போட்ட பாலிசிங்க அடுத்த வருஷமும் உயிரோட இருக்கணும், அப்போதான் அந்தத் தொகை தொடரும். சொந்தக்காரங்களுக்கே 24-ம் போட்டுட்டு அடுத்த வருஷம் யாரும் கட்டலைன்னா, சொந்தமும் போச்சு, தொகையும் போச்சு. உங்கள்ல யாராவது அதுல சேர்ந்தீங்கன்னா என் அப்பாவை நினைச்சுக்கங்க. தவணைத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு போன் பண்ணுங்க. கட்ட முடியலைன்னு சொன்னா, புதுப்பிக்கலாம்னு சொல்லுங்க.

கடைசியா ஒரு சம்பவம். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க கிளைக்கு ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர் இறந்து மூணு மாசம். அவரோட கணக்குல 600 ரூபாய் சொச்சம் இருந்துச்சு, அதை எடுத்துட்டுக் கணக்கை மூடணும்னு வந்தாங்க. நான் கணக்கைத் திறந்து பார்த்தா, மே மாசத்துல 436 ரூபாய் பிடிச்சிருக்குது. அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 50 வயசுக்குள்ள சேரலாம், எப்படி இறந்தாலும் ரெண்டு லட்சம். அந்த அம்மாவுக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. "என்னமோ 400 ரூபாய் பேங்க்ல பிடிச்சுட்டாங்கன்னு அவரு அன்னைக்குத் திட்டினாருங்க"ன்னாங்க. படிவத்தை நானே நிரப்பினேன், இறப்புச் சான்றிதழ் வெச்சு அனுப்பினோம். பணம் வந்த அன்னைக்கு அந்த அம்மா கவுன்டர்ல நின்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசலை. எனக்கும் பேச்சு வரலை. கணக்கை மட்டும் மூடிக் கொடுத்திருந்தாலும் அன்னைக்கு என் வேலை முடிஞ்சிருக்கும், யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டாங்க.

அதனால இன்னைக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். கூட்டத்துக்கு வரும்போது பாஸ்புக்கு எடுத்துட்டு வாங்கன்னு கூட்டமைப்புல சொல்லியிருந்தாங்க. எடுத்துட்டு வந்தவங்க மே, ஜூன் மாசப் பக்கத்தைத் திறந்து 436-ம், 20-ம் பிடிச்சிருக்குதான்னு பாருங்க. 20 ரூபாய் பிடிச்சிருந்தா அது விபத்துக் காப்பீடு, 70 வயசு வரை, அதுவும் ரெண்டு லட்சம். வாரிசுப் பேரு யாருன்னு கேட்டு எழுதி வெச்சுக்கணும். பழைய பாலிசிப் பத்திரம், பொண்ணோட மார்க் ஷீட்டு கொண்டு வந்தவங்க டீ குடிச்சுட்டு அந்த ஜன்னலோர மேசைக்கு வாங்க. நான் சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.